முழுப் பல்லி

பள்ளிக்கூட ஜன்னலில் குடியிருந்த பூனைக்குத் தமிழ் வகுப்பு என்றால் உயிர். அன்று ஆசிரியர், ஒன்றின் பகுதியைச் சொல்லி முழுவதையும் உணர்த்தும் உத்தியை விளக்கினார்.

"வீட்டில் நாலு வாய்க்குச் சோறு போடணும் என்கிறோம். வாய் மட்டுமா வீட்டில் இருக்கிறது? நாலு ஆள் என்று பொருள்."

பூனைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

பிள்ளைகள் போனதும் பூனை உள்ளே குதித்தது. காலையிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை. கரும்பலகைக்குக் கீழே ஒரு பல்லியை மடக்கிப் பிடித்தது.

"ஐயா, நீங்களும் பாடம் கேட்டீர்கள்தானே?" என்றது பல்லி.

"கேட்டேன். அதற்கென்ன?"

"வாய் என்றால் ஆள். அப்படியானால் வால் என்றால்?"

பூனை காதை நிமிர்த்தியது. "பல்லி" என்று முந்திக்கொண்டு விடை சொன்னது.

"முழுப் பல்லியா?"

"முழுப் பல்லியேதான்."

பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரேறியது. தரையில் துள்ளிய வாலை, ஒரு முழுப் பல்லிக்குரிய மரியாதையோடு பூனை மென்று தின்றது.

பசி போகவில்லை. பூனை அண்ணாந்து பார்த்தது. மொட்டை வாலோடு பல்லி டியூப்லைட்டருகே பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

"உன்னை முழுசாகத் தின்றாயிற்று. பிறகும் ஏன் பசிக்கிறது?"

"உங்கள் வயிறு பாடத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது, ஐயா."

பூனை யோசித்துப் பார்த்தது. சரியென்றுதான் பட்டது. மறுநாள் வகுப்பு தொடங்கியதும், வயிறு ஜன்னல் கம்பியை ஒட்டியிருக்கும்படி நன்றாக முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டது.