சாவியைத் தெரியாத கார்

“மெய்யாலுமே சொல்லுங்க சார். இது திருட்டு வண்டியா?”

காரை வாங்க வந்த கண்ணாயிரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தொந்தியை எக்கிக்கொண்டு கேட்டார். டேஷ்போர்டில் பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்கு விடாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் உறுமியது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்றது.

வெங்கடராகவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மாமல்லபுரத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆன வாத்தியாரிடம், அதுவும் அவர் வீட்டு வாசலிலேயே கேட்கிற கேள்வியா இது?

“ஷோரூம்ல நின்னு நானே வாங்கின வண்டி சார். இன்னிக்கு வரைக்கும் என்னைத் தவிர ஒருத்தர் ஓட்டினதில்லை.”

“அப்ப சீட்டு ஏன் இம்மாம் முன்னாடி கீது? மூச்சு வுட முடில.”

“தொடைக்கறச்சே நகர்ந்திருக்கும்” என்று பதில் சொல்லிவிட்டு, ஆறடி உயர வெங்கடராகவன் மெக்கானிக் ஆனந்தனுக்கு ஆள் அனுப்பினார்.

உள்ளபடி அவருக்குக் காரை விற்க மனசே இல்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளையோ அமெரிக்காவில். ஓட்ட ஆளில்லாத வீட்டில் கார் எதற்கு? தை பிறந்தால் மனைவி கோமளத்தோடு வேடந்தாங்கல் போய்ப் பறவை பார்ப்பது ஒன்றுதான் அந்தத் தம்பதிக்கு ஆடம்பரம். இந்த வருஷம் அதுவும் இல்லை.

கண்ணாயிரம் ஊரப்பாக்கத்தில் ஜல்லி, மணல் வியாபாரம் செய்பவர். நாள், நட்சத்திரம் பார்க்காமல் செருப்புகூட வாங்க மாட்டார். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி வாசலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனந்தன் வந்தான். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், பாட்டரி முனையைச் சுரண்டினான், விளக்குக்குப் போகும் ஒயரை ஆட்டினான். விளக்கு அசரவில்லை.

“லைட்டு மேல தப்பு இல்ல சார். அது கரீட்டா வேலை செய்யுது.”

“பின்னே ஏன்ப்பா மினுக்கறது?”

“உங்க சாவிய வண்டிக்கு அடையாளம் தெரில. உங்களைத் திருடன்னு நென்ச்சுகினு கீது.” சாவியின் கறுப்புத் தலையை நெம்பித் திறந்து காட்டினான். “தோ, இங்க துவரம்பருப்பு சைசுல ஒரு சிப்பு இருக்கணும். காலியா கீது. இன்னொரு சாவி இருந்தா குடுங்க, இப்பவே ஓடும்.”

வெங்கடராகவன் கோமளத்தைப் பார்த்தார். காபி டம்ளரோடு நின்ற கோமளம் உதட்டைப் பிதுக்கினாள். “அதுதான் முட்டுக்காட்டுல படகுல போறச்சே என் பையிலேர்ந்து தண்ணியில விழுந்துடுத்தே.”

“தினம் சாயந்திரம் நான் கோயிலுக்குப் போயிடறேன். அந்த நேரத்துல எவனோ உள்ள வந்து கைவரிசை காட்டியிருக்கான்” என்று பொருமினார் வெங்கடராகவன்.

“யார் கண்டா?” என்றாள் கோமளம்.

“புது சிப்பு மெட்ராஸ்லேர்ந்து வரணும். நாளாவும்” என்று சொல்லிவிட்டு ஆனந்தன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

கண்ணாயிரம் வாட்சைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். கோமளம் பரிவோடு காபியை நீட்டினாள். “அபசகுனம்னு மட்டும் மனசுல வச்சுக்காதீங்கோ. பழம் வச்சப்புறம் வண்டி நகரலேன்னா ஊர்ல என்னென்னமோ சொல்லுவா. அதையெல்லாம் நாம பார்க்கப்படாது.”

அவ்வளவுதான். கண்ணாயிரம் காபியைத் தொடவில்லை. தொந்தியை ஒருவழியாக வெளியே எடுத்து இறங்கினார். “வோணாம் சார். நல்ல நேரத்துல நவுராத வண்டி நமக்கு ஒத்து வராது. வேற எடம் பாருங்க.” வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

வெங்கடராகவனுக்கு அவமானம் பாதி, சொல்ல முடியாத சந்தோஷம் பாதி. சந்தோஷத்தை மனைவிக்குக் காட்டாமல் குனிந்து பழத்தை எடுக்கப் போனார்.

“இருக்கட்டும், எடுக்காதீங்கோ. அது நசுங்கணும்.”

நிமிர்ந்தார். கோமளத்தின் கையில் ஒரு சாவி. முட்டுக்காட்டில் முழுகிப் போன அதே சாவி, ஒரு துளி துருகூட இல்லாமல்! ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியரை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருகினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது.

“அடிப்பாவி! அப்போ அந்த சிப்பு?”

“தையல் மெஷின் டிராயர்ல பத்திரமா இருக்கு. கிளம்புங்கோ, வேடந்தாங்கலுக்குப் பறவையெல்லாம் வந்தாச்சாம்.”

“உனக்கென்ன பைத்தியமா? நம்மாத்துல ஓட்ட யாரு இருக்கா?” என்றபடி, பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கக் கதவில் கை வைத்தார் வெங்கடராகவன்.

கோமளம் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

“நீங்க அந்தப் பக்கமா ஏறுங்கோ. இந்த சீட்டை என் உயரத்துக்கு நான்தான் இழுத்து வச்சிருக்கேன்.”