சத்தியப் புத்தகம்

"உபதேசியாரே, இது வேதப்புத்தகமே இல்ல. நாவல்!"

லீமாரோஸ் டீச்சர் சொன்னதும் சந்தனம் உபதேசியார் ஓடிப்போய்க் கோயில் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க டீச்சரம்மா. எங்க அய்யா காலத்துலருந்து ஊரே இதுமேல கைவச்சுத்தான் சத்தியம் பண்ணுது. பட்டுத்துணியப் பிரிச்சு வைக்கிறதோட சரி, தெறந்து பாக்க யாருக்குத் தைரியம்? பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கச் சொன்னா, படிச்சே பாத்துட்டியளே!"

"ஆயிரத்து எண்ணூத்து எம்பத்தாறுல புதுச்சேரியில அச்சடிச்சது. ரோமாபுரியில வேதத்துக்காக உசுர விட்ட வேதசாட்சிகளப் பத்துன சரித்திரக் கதை. நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை."

உபதேசியாருக்கு வியர்த்துக் கொட்டியது. என்ன செய்வதென்று கேட்கலாமென்றால், பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் பாலம் தாண்டி ரயிலில் வருவார். வெளியே ஊர் கூடிவிட்டது.

ஐம்பத்தைந்தாம் வருடப் புயலில் கரை ஒதுங்கிய வலை ஒன்று இன்னாசி வீட்டில் இருந்தது. தன் வலை என்றான் அவன். செத்துப்போன தன் புருஷனின் வலை என்றாள் செபஸ்தியம்மாள். அது கிடைக்காவிட்டால் அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சிக்கு வழியில்லை. ஊர் வழக்கப்படி, இன்னாசி புத்தகத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டால் வலை அவனுக்கு.

"கதைன்னு தெரிஞ்சா அவரு கூசாம சத்தியம் பண்ணிருவாரே! அந்த அக்கா பாவம்."

"அதான் டீச்சரம்மா, வாயத் தெறந்துராதிய."

கதவு திறந்து ஊர் உள்ளே வந்தது. இன்னாசி வந்து சிவப்புத் தோல் அட்டைமேல் கை வைத்தான்.

"இந்த வலை..."

குனிந்து அந்த அட்டையைப் பார்த்தான். செபஸ்தியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் வெடுக்கென்று கையை எடுத்தான். "வலை உங்களுதுதான் மதினி. ஆசப்பட்டுட்டேன். ஆள விட்டு எடுத்துக்கங்க."

அவள் மாதா சுரூபத்தின் முன் விழுந்து அழுதாள். கூட்டம் அவளை அழைத்துக்கொண்டு கலைந்தது. உபதேசியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியளா டீச்சரம்மா? வேதம்னு நம்புனான், பயந்தான்."

மறந்துவிட்ட துண்டை எடுக்க வந்த இன்னாசியின் காதில் அது விழுந்தது.

"வேதமா? இந்தக் கோயிலுக்கு மணியடிச்ச காலத்துல அத ரெண்டு தடவ படிச்சவன் நான். வேதம்னா, பொறகு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிக்கிரலாம்னு துணிஞ்சு சத்தியம் பண்ணிருப்பேன் உபதேசியாரே. இந்தக் கதைல பொய்ச்சத்தியம் பண்ணுனவன, எழுதுனவரு கடைசித் தாள் வரைக்கும் மன்னிக்கவே இல்லையே!"