நாடு காட்டும் பெட்டி

'தெரியாது' என்று காலிதீன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கல்முனை பிரதான வீதியிலுள்ள அவனுடைய கொமினிகேஷன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போன் கோல் எடுக்க வருவதில்லை. வீட்டுப் போனில் விழுந்த இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு, இது எந்த நாடு என்று கேட்க வருவார்கள். அவன் துண்டை இரண்டு விரலால் வாங்கி, மூக்கைச் சுளித்து, கணினியில் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான்.

சுனாமி நிவாரணத்தில் வந்த கணினி அது. அதற்குள் உலகத்து நாடுகளின் தொலைபேசிக் குறியீடு, தலைநகர், நாணயம், நேரம் எல்லாம் காட்டும் ஒரு மென்பொருள் இருந்தது. அதே லொறியில் கம்பளிக் கோட்டுகளும் வந்தன. ஊர் வெயிலுக்கு அதை ஒருவரும் போடவில்லை. காலிதீன் மட்டும் தனக்குக் கிடைத்ததைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தான்.

'உலகம் காலிதீன்' என்று ஊர் அவனுக்குப் பேர் வைத்தது. அது நக்கல் என்று அவனுக்கு விளங்கவில்லை. பாஸ்போட்டே எடுக்காத மனிதன், அந்தப் பேரைக் கடைப் பலகையில் எழுதலாமா என்று கூட யோசித்தான்.

2009 மாசி மாதம், ஒரு நாள் முற்பகல் பதினொன்றரை. கடையில் மூன்று பெண்கள் நின்றார்கள்.

முதலில் சுல்பிகா. அவள் இலக்கம் 974 என்று தொடங்கியது. அது கத்தார் என்று கல்முனையில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் காலிதீன் விசைப்பலகையைத் தட்டினான். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கத்தார், தலைநகர் தோஹா, இப்போது அங்கே காலை ஒன்பது மணி என்று வாசித்தான். புருஷன் இருக்கிற நாட்டைக் கூடத் தெரியாமல் என்ன குடும்பம் நடத்துகிறாய் என்றும் கேட்டு வைத்தான். அவள் தலையைக் குனிந்தாள். அவனுக்கு அன்றைய நாள் நன்றாகத் தொடங்கியது.

அடுத்து நின்றவள் தங்கரத்தினம். காரைதீவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மகனுடைய இலக்கம் என்று துண்டை நீட்டினாள். இந்தக் கணினிப் பெட்டி எந்த நாட்டைக் காட்டுகிறது என்று பார்த்துச் சொன்னால், அதன் பிறகு கோல் எடுப்பதா இல்லையா என்று யோசிக்கலாம் என்றாள்.

இப்படிப் பேசும் தாயை அவன் கண்டதில்லை. பெற்ற தாய்க்குச் சொல்லாமல் கப்பல் ஏறின மகன், அவனுடன் கதைக்கவும் கணக்குப் பார்க்கிற தாய். குடும்பமா இது என்று மனதுக்குள் காறித் துப்பினான்.

இலக்கம் 882 என்று தொடங்கியது. தட்டினான்.

இந்தக் குறியீட்டுக்கு நாடு இல்லை என்று திரையில் வந்தது.

பிழையாகத் தட்டிவிட்டோம் என்று திரும்பத் தட்டினான். அதே வரி வந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஜெமீலா கழுத்தை நீட்டினாள். உலகம் காலிதீனுக்கு ஒரு நாடு தெரியவில்லை என்ற செய்தி மதியத்து ளுஹர் தொழுகைக்கு முன் சந்தைவரை போய்விடும். அவனுக்குக் காது சூடாகியது.

பட்டியலை இறக்கிப் பார்த்தான். 880 பங்களாதேஷ். அதற்குக் கீழே நேராக 886 தாய்வான். கிட்டத்தட்டச் சரிதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

தாய்வான் என்றான். தலைநகர் தாய்ப்பே. இப்போது அங்கே பின்னேரம் இரண்டு மணி.

கடையில் மெச்சும் முணுமுணுப்பு ஒன்று எழுந்து அடங்கியது. தங்கரத்தினம் மட்டும் அசையவில்லை. உண்மையாகவே பெட்டியில் அப்படித்தான் காட்டுகிறதா என்று திரும்பக் கேட்டாள்.

தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. இந்தப் பெட்டிக்குத் தப்பிய இலக்கம் உலகத்தில் இல்லை என்றான். கொழும்பில் பெரிய கந்தோர்களிலும், இராணுவத்தின் பெரிய கேம்புகளிலும் இதே பெட்டிதான் வைத்திருக்கிறார்கள் என்றும் அளந்தான்.

அவள் துண்டை மேசையிலிருந்து எடுத்தாள். இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தாள். கிழித்ததைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னாள்.

"நாடு காட்டாட்டிப் பயமில்லாம எடுங்கம்மா எண்டவன் மகன், தம்பி. காட்டினா ஆமிக்கும் காட்டுமாம், நம்பரக் கிழிச்சிப் போட்டு என்னை மறந்திருங்க எண்டவன்."

வன்னி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. கடைசிப் போர் அங்கே நடந்த அந்த மாதம் அதைச் சொல்லவும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் காலிதீனுக்கு நினைவு வந்தது. சுனாமி வந்த கிழமைகளில், இடிந்த கடற்கரையில் நின்று வெள்ளைக்காரர்கள் தடித்த ஏரியல் வைத்த சட்டலைட் போன்களில் கதைத்தார்கள். அந்த இலக்கங்களும் 882 என்றுதான் தொடங்கின. அதற்கு நாடு கிடையாது.

துண்டு கிழிந்துவிட்டது. இலக்கம் மட்டும் அவன் திரையில், அந்த ஒற்றை வரிக்கு மேலே, முழுதாக இருந்தது. வெளியே இறங்கிவிட்டவளைக் கூப்பிட்டால் போதும். பொய் சொல்லிவிட்டேன் அக்கா, எனக்குத் தெரியாது என்று ஒரு தரம் சொன்னால் போதும்.

அவன் எழும்பினான். ஜெமீலா பார்த்தாள். சுல்பிகாவும் இன்னும் போகவில்லை, கதவடியில் நின்று பார்த்தாள்.

அவன் உட்கார்ந்து ஒரு விசையைத் தட்டினான். திரை வெறுமையானது. ஜெமீலாவின் துண்டுக்கு இரண்டு விரலை நீட்டினான்.

குவைத், தலைநகர் குவைத் சிட்டி, இப்போது அங்கே காலை ஒன்பது மணி ஐந்து நிமிஷம்.

காரைதீவு பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் தங்கரத்தினம் கடைக்கு நேர் எதிரே வெயிலில் நின்றாள்.