வாசனை தெரிந்தவள்

அன்று மழை தூறியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அழகு நிலையத்துக்குள் வந்தவர் தொப்பியைக் கழற்றாததால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

அலமாரியிலிருந்து இரண்டு ஷாம்பு பாட்டில்களை எடுத்து மாறி மாறி முகர்ந்துவிட்டு, கண்களை மூடி நின்றார்.

“அண்ணே, நின்னுக்கிட்டே கனவா?” என்றாள் கடைக்காரப் பெண். “அந்த மூலிகை ஷாம்பு யானை விலை. இது மலிவு. நுரை என்னவோ ரெண்டுலயும் ஒண்ணுதான்.”

“மலிவானதை நேத்தே போட்டுப் பார்த்தேம்மா. சரிப்படல.”

“முடி கொட்டுச்சா?”

“தூக்கம் வரல.”

அவள் சிரித்துவிட்டாள். “ஷாம்புக்கும் தூக்கத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

அவர் தொப்பியைக் கழற்றினார். கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போலத் தலை பளபளத்தது.

“வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கா. இந்த மூலிகைதான் அவ தலைக்குப் போடுவா. அவ கூந்தல்ல முகத்தைப் புதைச்சாதான் எங்க பாப்பா தூங்கும். நேத்து என் தலையை மோந்து பார்த்துட்டு ஒரே அழுகை.”

அவள் மூலிகை ஷாம்பு பாட்டிலைத் திறந்தாள். பிறகு அவரை நாற்காலியில் சாய்த்து, மூலிகை நுரை பொங்கப் பொங்க, இல்லாத முடியை மெல்ல அலசிவிட்டாள்.

மனைவி குணமாகி வீடு திரும்பினாள். கடைக்காரப் பெண் அவளுக்கு இன்றும் அதே மூலிகை ஷாம்பைத்தான் விற்கிறாள். பாப்பா மட்டும் இப்போது அப்பாவின் வழுக்கையில் கன்னம் வைத்தால்தான் தூங்குகிறது.