வாய் திறக்காத கள்ளி

வேலியோரம் ஓர் அவரைக்கொடியும் ஒரு சப்பாத்திக்கள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இந்த வெயில்ல நீ மட்டும் எப்படி வாடாம இருக்கே?" என்று அவரை தினமும் பகலில் கேட்கும். கள்ளி வாயே திறக்காது. திமிரா, செவிடா என்று அவரைக்குப் புரியவில்லை. பொழுது சாய்ந்ததும் அவரை இலைகளைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிடும்.

ஒருநாள் தாகத்தில் அதற்குத் தூக்கம் வரவில்லை. நடுராத்திரியில் கள்ளி பேசியது. "பகல்ல வாயைத் திறந்தா உள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும். அதான் ராத்திரியே காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, பகல் வெளிச்சத்துல வாயை மூடிக்கிட்டே அதுல என் சாப்பாட்டைச் சமைக்கிறேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"தினமும் ராத்திரி சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கேள்வியும் கேட்டுட்டு, பதில் சொல்றப்ப தலையைத் தொங்கப்போட்டுக்குவே. என்ன ஜென்மம் இதுன்னு எனக்கும்தான் புரியலை."