சாம்பல் தின்ற கரும்பு

உப்புக் கரிக்கிற கடல்பாசிச் சாறும் உமிச்சாம்பலும் தின்று வளர்கிற பிள்ளைக்கு உடம்பில் இனிப்பு ஊறுமா, நீங்களே சொல்லுங்கள்?

வரப்போரத்து இளங்கரும்புக்கு அதே கவலைதான். போன வருஷம் இதே அடிக்கட்டையில் முளைத்த அண்ணன்காரனைப் புழு குடைந்துவிட்டது. உள்ளே செக்கச்செவேலென்று அழுகி, ஆலைக்கு ஆகாமல் வரப்பிலேயே கிடந்தான். அதனால் இந்த வருஷம் தோட்டக்காரி செங்கமலம் தூரில் உமிச்சாம்பலைக் கொட்டினாள், தோகையில் பாசிச்சாறு தெளித்தாள்.

"கரும்பாய்ப் பிறந்து சாம்பல் தின்கிறேனே! என்னைக் கடிக்கிறவன் தூவென்று துப்பப் போகிறான்," என்று கரும்பு மூக்கைச் சிந்தியது. ஆனாலும் பசி விடுமா? தின்றது. கிடுகிடுவென்று வளர்ந்தது.

ஒரு காலையில் அந்தக் குடைகிற புழு வந்து சேர்ந்தது.

"என்னடா தம்பி, உங்க அண்ணனைவிடக் கொழுகொழுன்னு இருக்கே!" என்று சப்புக்கொட்டிக்கொண்டு கணுவில் வாயை வைத்தது. கரும்பு பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

கரக், கரக். தோல் அசையவில்லை. தம் கட்டிக் கடித்ததில் ஒரே ஒரு சொட்டுச் சாறுதான் கசிந்தது. புழு அதை நக்கிவிட்டு அப்படியே நின்றுபோனது.

"துப்பலையா?" என்று கரும்பு மெதுவாகக் கேட்டது.

"துப்புறதா? வெல்லப்பாகு மாதிரி இருக்குடா! ஆனா என் பல்லெல்லாம் ஆடிப்போச்சே. அப்படி என்னதான் தின்னே?"

"உமிச்சாம்பல்!" என்றது கரும்பு, தோகையைச் சிலுப்பிக்கொண்டு.

புழு கன்னத்தைத் தடவியபடி யோசித்தது.

"அப்ப எனக்கும் ஒரு சிட்டிகை தட்டிவிடுடா தம்பி, பல்லை விளக்கிட்டு வர்றேன்."