கைக்கு வந்த ஜாடி

“சந்திரமோகன், இருபது நிமிஷமா காத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ஜாடி எங்கய்யா?”

இல்லாத பொருளைக் கண்ணெதிரே படமாகக் காட்டும் மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, அருங்காட்சியக ஹாலின் நடுவே கையை வீசிக்கொண்டிருந்தார் இயக்குநர். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடியை, அசலைத் தொடாமலே, எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் திட்டம். நாளைக்குத் திறப்பு விழா.

“ரெண்டு விரலால கிள்ளுங்க சார்” என்றார் காப்பாட்சியர் சந்திரமோகன்.

“கிள்ளுனா ஓடுது, பிடிச்சா மறையுது! நாளைக்கு அமைச்சர் முன்னாடி மானம் போச்சுன்னா, உங்களை ஆந்திராப் பக்கம் யானாமுக்குத் தூக்கிடுவேன்.”

 சந்திரமோகனின் மகள் இங்கே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ப்ளஸ் டூ படிக்கிறாள்.

“கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க சார். மிஷின் உங்க கையை அளக்கணும்.”

இயக்குநர் மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் போனது.

“இப்பத் திறங்க சார்.”

“அட, கையிலயே இருக்கே! என்ன கனம்! ஜில்லுனு வேற இருக்கு. கழுத்துல கீறல்கூடத் தட்டுப்படுது. இதைத்தான்யா கேட்டேன்!”

“போதும் சார், குடுத்துடுங்க.” சந்திரமோகன் அவசரமாகக் கையை நீட்டினார்.

“படத்தை எப்படிய்யா குடுக்கிறது?” சிரித்தபடி இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்தார்.

ஜாடி தரையில் விழுந்து சிதறியது.

“பிரமாதம்! உடையுற சத்தம்கூட அச்சு அசல்!”

 சந்திரமோகனுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ‘தொடாதீர்கள்’ என்ற அட்டை மட்டும் இருந்தது.